வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுத்த பணம்: டாலியில் எங்கே, எப்படிப் போடுவது?

மன்னார்குடியில் வீட்டு உபயோகப் பொருள் கடை நடத்தும் ஒருவரின் கேள்வி இது. ஃபேன், மிக்ஸி, ஃப்ரிட்ஜ், ஏசி, கூடவே பம்புசெட்டுக்கான பிவிசி பைப்பும் விற்கிறார். கணக்கை டாலி என்ற கணக்கு மென்பொருளில் அவரே எழுதுகிறார். வாங்கிய பொருள் திரும்பி வந்து பணம் கொடுக்க நேரும்போது, ஒரு சமயம் பேமெண்ட் வவுச்சரில் (பணம் கொடுத்ததைப் பதியும் என்ட்ரியில்) 'ரீஃபண்ட் செலவு' என்று போட்டிருக்கிறார். அன்றைய பில்லாக இருந்தால் பில்லையே டிலீட் செய்திருக்கிறார். கார்டில் வாங்கியவருக்குக் கல்லாவிலிருந்து ரொக்கமாகக் கொடுத்ததும் உண்டு. இப்போது டாலி காட்டும் ஸ்டாக்கும் கடையில் இருக்கும் ஸ்டாக்கும் ஒத்துவரவில்லை. ஜிஎஸ்டியும் கூடுதலாகப் போயிருக்குமோ என்று சந்தேகப்படுகிறார். எது சரி, பழையதை எப்படித் திருத்துவது என்று கேட்கிறார்.

கும்பகோணம், நீடாமங்கலம், மன்னார்குடி பக்கத்துக் கடைகளின் கணக்கை வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறேன். இந்தக் குழப்பம் இல்லாத கடை குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வேலையாக அந்த 'ரீஃபண்ட் செலவு' லெட்ஜரை (கணக்குத் தலைப்பை) பயன்படுத்துவதை நிறுத்துங்கள். திருப்பிக் கொடுத்த பணம் செலவே அல்ல. வாடகை, கரண்ட் பில், கடையாள் சம்பளம், இவை செலவு. இங்கே நடந்தது, ஏற்கெனவே எழுதிய ஒரு விற்பனை கலைந்துபோனது. அதைச் செலவில் தள்ளினால் விற்பனை குறையாமல் அப்படியே நிற்கும், அந்த விற்பனைக்குக் கட்டிய வரியும் நிற்கும், திரும்பி வந்த ஃப்ரிட்ஜ் ஸ்டாக்கில் ஏறாது. நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் இந்த ஒரே என்ட்ரிதான் காரணம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 23,600 ரூபாய்க்கு ஒரு ஃப்ரிட்ஜ் விற்றீர்கள். அதில் பொருளின் மதிப்பு 20,000, மத்திய ஜிஎஸ்டி 1,800, மாநில ஜிஎஸ்டி 1,800. பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது, முழுப் பணமும் கொடுத்துவிட்டீர்கள். 'ரீஃபண்ட் செலவு' என்று 23,600 போட்டால் லாபத்தில் 23,600 குறையும். ஆனால் விற்பனையில் இன்னும் 20,000 நிற்கிறது, அரசுக்குப் போக வேண்டிய கணக்கில் 3,600 நிற்கிறது. விற்காத பொருளுக்கு உங்கள் கையிலிருந்து 3,600 ரூபாய் வரி கட்டுகிறீர்கள். மாதத்துக்கு இரண்டு மூன்று பொருள் இப்படி வந்தால் வருஷத்தில் எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சரியான முறையில் இதற்கு இரண்டு என்ட்ரி. பொருள் (அல்லது விலையின் ஒரு பகுதி) திரும்பியதற்கு ஒன்று. பணம் கை மாறியதற்கு ஒன்று. இரண்டும் ஒரே நிமிஷத்தில் நடந்தாலும் கணக்கில் இரண்டு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தன்னால் விளங்கும்.

முதலாவது கிரெடிட் நோட், அதாவது ஏற்கெனவே போட்ட பில்லின் தொகையைக் குறைக்கும் ஆவணம். டாலி பிரைமில் ஆல்ட் + எஃப்6. பழைய ஈஆர்பி 9 வைத்திருந்தால் கன்ட்ரோல் + எஃப்8. இதில் கஸ்டமர் லெட்ஜர், திரும்பி வந்த ஐட்டம், எண்ணிக்கை, பில்லில் போட்ட அதே விலை, அதே வரி. மூல பில்லின் எண்ணையும் தேதியையும் கட்டாயம் கொடுங்கள். திரையில் அந்த இடம் தெரியவில்லை என்றால் எஃப்12 அழுத்தித் திறந்துகொள்ளலாம். காரணம் கேட்கும் இடத்தில் பொருள் திரும்பியிருந்தால் 'சேல்ஸ் ரிட்டர்ன்'. சேவ் செய்ததும் விற்பனை 20,000 குறையும், வரி 3,600 குறையும், ஸ்டாக்கில் ஒரு ஃப்ரிட்ஜ் ஏறும், கஸ்டமர் கணக்கில் நாம் அவருக்கு 23,600 தர வேண்டும் என்று நிற்கும். இதுவரை ஒரு ரூபாய்கூட நகரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது பேமெண்ட், எஃப்5. அதே கஸ்டமர் பெயரில், எதிலிருந்து கொடுத்தீர்களோ அந்த ரொக்கம் அல்லது பேங்க் லெட்ஜரிலிருந்து 23,600. பில்வாரி விவரம் (இந்தத் தொகை எந்த பில்லுக்கு என்பது) கேட்கும்போது 'அகெய்ன்ஸ்ட் ரெஃப்' தேர்ந்தெடுத்து அந்தக் கிரெடிட் நோட் எண்ணைக் காட்டுங்கள். கஸ்டமர் கணக்கு பூஜ்யமாகிவிடும். 'ஆன் அக்கவுண்ட்' என்று விட்டுவிட்டால் எந்தப் பணம் எதற்குக் கொடுத்தது என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

இதில் ஒரு யோசனை. விற்பனை லெட்ஜரிலேயே கழிக்காமல், 'சேல்ஸ் அக்கவுண்ட்ஸ்' குரூப்பின் கீழ் 'விற்பனைத் திருப்பம்' என்று தனி லெட்ஜர் திறந்து கிரெடிட் நோட்டில் அதைப் போடுங்கள். லாபநஷ்டக் கணக்கில் முடிவு ஒன்றுதான். ஆனால் எந்த கம்பெனி மிக்ஸி அடிக்கடி திரும்பி வருகிறது, எந்த மாதம் திருப்பம் கூடியது என்று ஒரே இடத்தில் தெரியும். டீலரிடம் பேசப் போகும்போது அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

வியாபார் செயலி வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை 'சேல் ரிட்டர்ன்' செய்யும். ஸோஹோ புக்ஸில் கிரெடிட் நோட் போட்டு அதற்குள்ளேயே 'ரீஃபண்ட்' கொடுக்கலாம். பொத்தானின் பெயர் மாறலாம், கணக்கு மாறாது.

உங்கள் கடையில் பாதிக்கு மேல் ரொக்க விற்பனையாக இருக்கும். பில்லில் பார்ட்டி இடத்தில் 'கேஷ்' என்று இருக்கும். அப்போது கிரெடிட் நோட்டிலும் பார்ட்டி 'கேஷ்' என்று போட்டால் ஒரே என்ட்ரியில் ரொக்கமும் குறைந்துவிடும். பணம் அந்த இடத்திலேயே கைக்குப் போயிருந்தால் இது சரி. 'நாளைக்கு வந்து வாங்கிக்கங்க' என்று அனுப்பினீர்கள் என்றால் தவறு, கல்லாவில் இருக்கும் பணம் டாலியில் இருக்காது. அதனால் நான் பார்க்கும் கடைகளில் 'சில்லறைக் கஸ்டமர் - திருப்பம்' என்று சன்ட்ரி டெட்டர்ஸ் (பாக்கிதாரர்கள்) குரூப்பில் ஒரு லெட்ஜர் திறக்கச் சொல்கிறேன். எல்லாச் சில்லறைத் திருப்பமும் அதன் வழியாகப் போய்வரும். ராத்திரி கடை அடைக்கும்போது அது பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் யாருக்கோ பணம் பாக்கி, யாருக்கு என்பது பில்வாரி விவரத்தில் பெயரோடு நிற்கும்.

ரொக்கம் கொடுக்கும்போது பேமெண்ட் வவுச்சரை அச்சடித்து வாங்கியவர் கையெழுத்தைப் பெற்றுவிடுங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து. மூல பில்லை வாங்கி கிரெடிட் நோட்டோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களையும் ஆவணங்களையும் ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

இனி கார்டு விஷயம். கார்டில் வாங்கியவருக்கு ரொக்கம் கொடுக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வேன். பணம் எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே போக வேண்டும். கார்டைத் தேய்த்துவிட்டு மறுநாள் பொருளைத் திருப்பி ரொக்கம் வாங்கிப் போவது, கிரெடிட் கார்டிலிருந்து பணம் எடுக்கும் ஒரு தந்திரம். அதற்கு உங்கள் கடை வழியாகிவிடும். பிறகு அவரே 'பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பணம் வரவில்லை' என்று பேங்கில் புகார் கொடுத்தால் அந்தத் தொகையும் பிடிபடும். ரொக்கமும் போயிருக்கும், கார்டுப் பணமும் போயிருக்கும்.

மெஷினிலேயே ரீஃபண்ட் கொடுத்தால் பேங்க் ஸ்டேட்மெண்டில் அது தனி வரியாகத் தெரியாமல் போகலாம். பெரும்பாலும் அடுத்த செட்டில்மெண்டில் (கார்டு விற்பனைப் பணத்தை உங்கள் பேங்குக்கு அனுப்பும்போது) கழித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இன்றைக்குக் கார்டு விற்பனை 50,000. பழைய ஃப்ரிட்ஜுக்கு மெஷினில் 23,600 திருப்பினீர்கள். பேங்கில் வருவது 26,400, அதிலும் மெஷின் கட்டணம் போக. இதைப் பார்த்து விற்பனையே 26,400 என்று எழுதிவிட்டால் எல்லாம் கெட்டது. 'கார்டு மெஷின்' என்று நடப்புச் சொத்தில் ஒரு லெட்ஜர் திறங்கள். கார்டு விற்பனை எல்லாம் அதில் பற்று (டெபிட்). ரீஃபண்ட் கொடுக்கும்போது எஃப்7 ஜர்னலில் கஸ்டமர் பற்று 23,600, கார்டு மெஷின் வரவு (கிரெடிட்) 23,600. பேங்கில் பணம் வந்ததும் பேங்க் பற்று, கட்டணம் பற்று, கார்டு மெஷின் வரவு 26,400. மெஷின் லெட்ஜர் பூஜ்யமாகும். அந்தக் கட்டணம் மட்டும் நிஜமான செலவு. அதன்மேல் போட்ட 18 சதவீத ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக (நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வரியாக) எடுத்துக்கொள்ளலாம்.

யுபிஐ என்றால் கடைப் பெயரில் உள்ள கணக்கிலிருந்தே, அவர் அனுப்பிய அதே ஐடிக்கு அனுப்புங்கள். அவசரத்தில் சொந்த போனிலிருந்து, சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டால் அதை மறைக்க வேண்டாம். கஸ்டமர் பற்று, உங்கள் மூலதனக் கணக்கு வரவு என்று ஜர்னல் போட்டால் தீர்ந்தது. கடைக்காக நீங்கள் பணம் போட்டீர்கள், அவ்வளவுதான்.

ஃபைனான்ஸ் கம்பெனி மூலம் தவணையில் வாங்கிய பொருள் திரும்பினால் மிகவும் ஜாக்கிரதை. 38,000 ரூபாய் பொருளுக்கு கஸ்டமர் கையிலிருந்து கொடுத்தது 8,000 முன்பணம். 30,000 கடன் ஃபைனான்ஸ் கம்பெனியிடமிருந்து வந்தது. கிரெடிட் நோட் முழு 38,000-க்கும் கஸ்டமர் பெயரில்தான் வரும், ஏனென்றால் பில் அவர் பெயரில். ஆனால் பணம் திரும்பும்போது 8,000 கஸ்டமருக்கு, 30,000 ஃபைனான்ஸ் கம்பெனிக்கு. முழுவதையும் கஸ்டமர் கையில் கொடுத்துவிட்டால் கடன் அவர் பெயரில் ஓடிக்கொண்டே இருக்கும், தவணை பிடித்துக்கொண்டே இருப்பார்கள், பஞ்சாயத்து உங்கள் கடை வாசலில் நடக்கும். கடனை ரத்து செய்ததற்கான எழுத்தை ஃபைனான்ஸ் கம்பெனியிடம் வாங்கி வவுச்சரோடு வையுங்கள்.

டெல்டாவில் பாதி வியாபாரம் கடன். அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கணக்கில் ஏறியதும் தருவார்கள். அப்படிப்பட்டவரிடம் பொருள் திரும்பினால் பணமே நகராது. ஒரு விவசாயி 20 நீளம் பைப் கடனுக்கு எடுத்தார், பில் 23,600. நான்கில் விரிசல் என்று திருப்பிவிட்டார். அந்த நான்குக்கு 4,000, வரி 720, ஆக 4,720-க்கு கிரெடிட் நோட். பில்வாரி விவரத்தில் பழைய பில்லுக்கு எதிராகவே போடுங்கள். பாக்கி 18,880 என்று நிற்கும். பேமெண்ட் வவுச்சர் வேண்டியதில்லை. இதைச் செய்யாமல் நோட்டில் மட்டும் பென்சிலால் அடித்து வைப்பது நம் ஊர் வழக்கம். தை மாசம் அவர் பணத்தோடு வந்து நிற்கும்போது டாலி ஒரு தொகை சொல்லும், நோட்டு ஒரு தொகை சொல்லும்.

மாற்றிக் கொடுப்பதும் இதே வழிதான். சின்ன மிக்ஸியைத் திருப்பிவிட்டுப் பெரியதை எடுத்தால், சின்னதற்கு கிரெடிட் நோட், பெரியதற்குப் புது பில், வித்தியாசத்தை மட்டும் வசூல். பழைய பில்லைத் திறந்து ஐட்டத்தை மாற்றாதீர்கள்.

பொருள் திரும்பாமல் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதும் நடக்கும். ஃப்ரிட்ஜ் கதவில் கீறல், 'ஆயிரம் குறைச்சுக்குங்க' என்பார்கள். பொருளில் குறை இருந்தால் கிரெடிட் நோட் போட சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஸ்டாக் ஏறக்கூடாது என்பதால், ஐட்டம் இல்லாமல் கணக்கு இன்வாய்ஸ் முறையில் போடுங்கள். கன்ட்ரோல் + எச் அழுத்தினால் முறை மாறும். குறை எதுவும் இல்லாமல் பழகிய முகம் என்று பிறகு கொடுத்த தள்ளுபடிக்கு வரியைக் குறைக்க வேண்டாம். வரி இல்லாத சாதாரண கிரெடிட் நோட்டாக, தள்ளுபடிக் கணக்கில் எழுதுங்கள்.

இப்போது வரி பக்கம். இதில் பணம் போகும் இடங்கள் இரண்டு உண்டு, இரண்டையும் நிதானமாகப் படியுங்கள்.

ஒன்று, வரி விகிதம். கிரெடிட் நோட்டில் வர வேண்டியது இன்றைய விகிதம் அல்ல, விற்ற அன்றைய விகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் வரி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. ஆகஸ்டில் நீங்கள் ஒரு ஏசியை 38,400-க்கு விற்றீர்கள் என்று வையுங்கள்: மதிப்பு 30,000, வரி 8,400. கம்ப்ரஸர் கோளாறு என்று அக்டோபரில் திரும்பி வந்தது. அதற்குள் ஐட்டம் மாஸ்டரில் (டாலியில் அந்தப் பொருளின் விவரப் பதிவில்) விகிதத்தை 18 என்று மாற்றியிருப்பீர்கள். கிரெடிட் நோட் போடும்போது டாலி மாஸ்டரில் உள்ளதை எடுத்துக்கொண்டால், அதே 38,400-ஐ மதிப்பு 32,542.37, வரி 5,857.63 என்று பிரித்துவிடும். மொத்தம் சரியாகத்தான் தெரியும், கஸ்டமர் கணக்கும் பூஜ்யமாகும், யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் 2,542 ரூபாய் வரி உங்களுக்குத் திரும்பாமல் போயிற்று. விகிதம் மாறியபோது மாஸ்டரில் பழையதை அழித்து எழுதாமல், எந்தத் தேதியிலிருந்து புது விகிதம் என்று தேதி போட்டுச் சேர்த்திருக்க வேண்டும். அப்படியே செய்திருந்தாலும், கிரெடிட் நோட்டைச் சேவ் செய்யும் முன் வரிப் பிரிவை மூல பில்லோடு வைத்துக் கண்ணால் ஒப்பிடுங்கள். இதற்கு மாற்று கிடையாது.

இரண்டாவது, காலக்கெடு. ஒரு நிதியாண்டில் விற்ற பொருளுக்கான கிரெடிட் நோட்டை அடுத்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்துகிறதோ அதற்குள் ஜிஎஸ்டி ரிட்டர்னில் காட்டியாக வேண்டும். 2025-26-ல் விற்றதற்கு 2026 நவம்பர் 30. அதைத் தாண்டினால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது உண்மையாகவே இருந்தாலும் வரி குறையாது.

இன்னொரு நிபந்தனையையும் மறக்கக் கூடாது. வரியைக் குறைத்துக்கொள்ள வேண்டுமானால் அந்த வரிச்சுமை வேறொருவர் தலையில் நிற்கக் கூடாது. கஸ்டமருக்கு 20,000-ஐ மட்டும் கொடுத்துவிட்டு 'ஜிஎஸ்டி திரும்ப வராதுங்க' என்று 3,600-ஐ நிறுத்திக்கொண்டு, அதே 3,600-ஐ ரிட்டர்னிலும் கழிப்பது சட்டத்துக்கு விரோதம். வரியோடு சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள், வரியோடு சேர்த்துக் கழியுங்கள்.

வாங்கியவர் ஜிஎஸ்டி எண் உள்ளவர், உதாரணமாக ஒரு லாட்ஜ் என்றால், கிரெடிட் நோட் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னில் 9பி அட்டவணையில் தனித்தனியாகப் போகும். அவருடைய 2பி-யிலும் (உள்ளீட்டு வரி விவர அறிக்கையிலும்) தெரியும். அவர் முன்பு எடுத்த உள்ளீட்டு வரியை அவர் திருப்பினால்தான் உங்களுக்குக் குறையும் என்று 2025 நிதிச் சட்டத்தில் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். எனவே கிரெடிட் நோட்டை அன்றே அவருக்கு அனுப்பி, அவர் கணக்கரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சாதாரண கஸ்டமர் என்றால் உள்ளூர் விற்பனையில் இது தனியாகத் தெரியாது. 7-ஆம் அட்டவணையில் அந்த விகிதத்து விற்பனையில் கழிந்து நிகரத் தொகை போகும். 'என் கிரெடிட் நோட் 9பி-யில் காணவில்லையே' என்று பதற வேண்டாம். வரி கட்டும் ரிட்டர்னான 3பி-யிலும் 3.1(ஏ) கட்டத்தில் நிகரத் தொகைதான்.

உங்கள் ஆண்டு விற்பனை ஐந்து கோடியைத் தாண்டி இ-இன்வாய்ஸ் எடுப்பவராக இருந்தால், பதிவு பெற்றவருக்குப் போடும் கிரெடிட் நோட்டுக்கும் ஐஆர்என் (இன்வாய்ஸ் பதிவு எண்) எடுக்க வேண்டும்.

பில்லை டிலீட் செய்ததைப் பற்றி. பில் கஸ்டமர் கையில் போய்விட்டது என்றால் அதை அழிக்க உங்களுக்கு உரிமை இல்லை. எண் வரிசையில் ஓட்டை விழும், அல்லது டாலி அந்த எண்ணை வேறு ஒருவருக்குக் கொடுக்கும். ஒரே எண்ணில் இரண்டு பேர் கையில் பில் இருக்கும். பில் அடித்த கையோடு, கஸ்டமர் வேண்டாம் என்று பொருளையும் எடுக்காமல் போனால், டிலீட்டுக்குப் பதிலாக ஆல்ட் + எக்ஸ் கொடுத்து கேன்சல் செய்யுங்கள். எண் நிற்கும், தொகை போய்விடும். ஜிஎஸ்டிஆர்-1-ன் 13-ஆம் அட்டவணையில் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, அதில் எத்தனை கேன்சல் என்று கேட்கிறார்கள், அது இதற்காகத்தான். பொருள் கடையை விட்டு வெளியே போய்த் திரும்பியிருந்தால், அதே நாளாக இருந்தாலும் கிரெடிட் நோட்தான்.

முன்பணம் வேறு கணக்கு. ஐப்பசிக்கு முன்னால் தீபாவளி ஆஃபருக்கென்று 5,000 கட்டிப் புக் செய்தவர் பிறகு வேண்டாம் என்கிறார். பில்லே போடவில்லை, எனவே கிரெடிட் நோட்டும் இல்லை. பொருளுக்கான முன்பணத்துக்கு 2017 நவம்பர் 15 முதல் ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை என்பதால் வரியும் இல்லை. ரிசீட்டில் 'அட்வான்ஸ்' என்று பில்வாரி எழுதியிருப்பீர்கள். பேமெண்டில் அதற்கு எதிராக 5,000. முடிந்தது. சேவைக்கு இது பொருந்தாது. கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் முன்பணம் வாங்கிய மாதமே வரி கட்டியாக வேண்டும். ரத்தானால் ரீஃபண்ட் வவுச்சர் போட்டுக் கழிக்க வேண்டும். ரத்துக் கட்டணம் என்று கொஞ்சம் பிடித்தால் அந்தப் பகுதிக்கு மண்டப வாடகைக்கு உள்ள அதே விகிதத்தில் வரி உண்டு. ஏசி சர்வீஸ் ஒப்பந்தத்துக்கு நீங்கள் முன்பணம் வாங்கினால் உங்களுக்கும் இதே விதி.

திரும்பி வந்த பொருளை எங்கே வைப்பது என்பதையும் டாலிக்குச் சொல்ல வேண்டும். நல்ல பொருளோடு சேர்த்துப் போட்டால், ஸ்டாக்கில் இருக்கிறதே என்று கடையாள் இன்னொருவருக்கு விற்றுவிடுவார். 'டேமேஜ்' என்று ஒரு கோடவுன் திறந்து கிரெடிட் நோட்டில் அதைத் தேர்ந்தெடுங்கள். அங்கிருந்து கம்பெனிக்குத் திருப்பி அனுப்பினால் வாங்கிய பக்கத்தில் டெபிட் நோட், ஆல்ட் + எஃப்5. டீலர் தரும் கிரெடிட் நோட்டோடு அது ஒத்துப்போக வேண்டும். யாரும் எடுத்துக்கொள்ளாமல் பழைய இரும்புக்குப் போட முடியாத நிலையில் தூக்கிப் போட்டீர்கள் என்றால், வாங்கும்போது எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைப் பெரும்பாலான கடைகள் விட்டுவிடுகின்றன, நோட்டீஸ் வந்த பிறகுதான் விழிக்கின்றன.

இனி பழையதைத் திருத்துவது. 'ரீஃபண்ட் செலவு' லெட்ஜரைத் திறந்து ஒவ்வொரு வரிக்கும் மூல பில்லைத் தேடி எடுங்கள். நடப்பு நிதியாண்டில் உள்ளவை எளிது. பேமெண்ட் வவுச்சரில் செலவு லெட்ஜரை எடுத்துவிட்டுக் கஸ்டமர் லெட்ஜரை வையுங்கள். பிறகு இன்றைய தேதியில், மூல பில் எண்ணைக் காட்டி, கிரெடிட் நோட் போடுங்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்துவிட்ட மாதத்துக்குள் பின்தேதியிட்டு நுழைக்க வேண்டாம். போட்ட மாதத்து ரிட்டர்னிலேயே அது போகட்டும்.

கணக்கு முடித்து வருமான வரியும் தாக்கல் செய்துவிட்ட போன வருஷத்தில் உள்ளவைக்குக் கை வைக்கும் முன் கவனம். மேலே சொன்ன ஏசி அப்படிப்பட்டது என்று வையுங்கள். அங்கே 38,400-ஐ ஏற்கெனவே செலவாகக் கழித்து லாபத்தைக் குறைத்தாயிற்று. இப்போது நேராக கிரெடிட் நோட் மட்டும் போட்டால் இந்த வருஷ விற்பனையிலும் 30,000 குறையும். ஒரே இழப்பு இரண்டு முறை கழியும். அதனால் கிரெடிட் நோட் போட்டு (விற்பனைத் திருப்பம் 30,000, வரி 8,400 பற்று, கஸ்டமர் 38,400 வரவு), அதன்பின் ஒரு ஜர்னலில் கஸ்டமர் 38,400 பற்று, 'முந்தைய ஆண்டுத் திருத்த வருமானம்' 38,400 வரவு என்று எழுத வேண்டும். இந்த வருஷ லாபத்தில் நிகரமாக ஏறுவது 8,400, அதாவது அப்போது தவறிப்போய் இப்போது மீண்ட வரி மட்டும். கணக்கு நியாயமாக இருக்கும். நவம்பர் 30 தாண்டிய பழைய பில்லாக இருந்தால் வரி மீளாது. அதற்கு இந்த வேலை எதுவும் வேண்டாம், ஸ்டாக்கை மட்டும் சரிசெய்யுங்கள். ஜர்னல் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் பட்டியலைக் காட்டிவிடுங்கள். உங்கள் வருமான வரிக் கணக்கைப் பார்ப்பவர் அவர், அவருக்குத் தெரியாமல் போன வருஷத்தைத் தொடக் கூடாது.

டிலீட் செய்த பில்களுக்கு, கஸ்டமரிடம் வாங்கி வைத்த பழைய பில் காகிதம் இருந்தால் எண், தேதி, தொகை எழுதி ஒரு பட்டியல் தயார் செய்யுங்கள். அந்த மாதத்து ஜிஎஸ்டிஆர்-1-ஐப் போர்ட்டலிலிருந்து இறக்கி, டாலியில் இப்போது தெரியும் விற்பனையோடு ஒப்பிடுங்கள். ரிட்டர்ன் போட்ட பிறகு அழித்த பில் என்றால் போர்ட்டலில் தொகை கூடுதலாகவும் டாலியில் குறைவாகவும் இருக்கும். அந்த பில்லை அதே எண்ணில், அதே தேதியில் மறுபடி டாலியில் ஏற்றி, இன்றைய தேதியில் கிரெடிட் நோட் போடுங்கள். ரிட்டர்னுக்கு முன்பே அழித்தது என்றால் அந்த பில்லுக்கு வரியே போகவில்லை. எண் வரிசையில் உள்ள ஓட்டைக்கு மட்டும் காரணத்தை எழுதி ஃபைலில் வைத்தால் போதும்.

ஸ்டாக் வித்தியாசத்தைக் கடைசியாகப் பாருங்கள். மேலே சொன்னதெல்லாம் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை மூடிக்கொண்டு இருவராக எண்ணுங்கள், ஒருவர் எண்ண ஒருவர் எழுத. உங்கள் வித்தியாசத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே அடங்கியிருக்கும். மிச்சம் இருந்தால் மட்டும் ஃபிசிகல் ஸ்டாக் வவுச்சரில் சரிசெய்யுங்கள். முதலிலேயே எண்ணி ஸ்டாக்கைச் சரிசெய்துவிட்டுப் பிறகு கிரெடிட் நோட் போட ஆரம்பித்தால், ஒவ்வொரு ஃப்ரிட்ஜும் இரண்டு முறை ஏறிவிடும்.